பிடிக்குதா?

பொழுது விடிந்ததும் கண்ணாடிக்காரர் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கோணிப்பையை விரித்து உட்கார்ந்துவிட்டார். வாளியோடு வாசலுக்கு வந்த அவர் மனைவி, நட்டின் மேல் ஸ்பேனர் ஏறியிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள். இந்த மனுஷன் வண்டியைக் கழற்றுவது போவதற்கா, போகாமல் இருப்பதற்கா? வாளித் தண்ணீர் அவள் காலில் சிந்தியது. கேட்டால் கோபம் வரும். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"ஏங்க, இன்னைக்கேவா?"

"பின்னாடி கீச்சுகீச்சுன்னு கத்துது. எத்தனை நாளா சொல்றேன்."

"நாளைக்குக் கத்தாதா அது?"

அவர் எழுந்தார். ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்தார். நட்டு முனகிக்கொண்டு இளகியது.

அன்று சாயங்கால ரயிலில் அவர்களுடைய ஒரே மகள் வருகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. கணவனோடும் கைக்குழந்தையோடும் வருகிறாள். ஆனால் இந்த ஊரில் இறங்குவாளா என்பது அவள் கையில் இல்லை. போனில் அம்மாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "அப்பா ஸ்டேஷனுக்கு வந்து நின்னா இறங்குறோம். இல்லைன்னா அப்படியே அடுத்த ஸ்டேஷன்ல இவரோட அக்கா வீட்டுக்குப் போயிடுறோம். நீ மட்டும் வந்து கண்ணைக் கசக்காதம்மா. அப்பா வரணும்."

அந்த நிபந்தனைக்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை.

கண்ணாடிக்காரர் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிறவர். கண்ணாடியில் ஒரு விரல்ரேகை இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. விருந்தாளி போன பிறகு மேஜைக் கண்ணாடியை வாயால் ஊதி, துணியால் துடைத்து, பக்கவாட்டில் குனிந்து பார்த்து, மறுபடி துடைப்பார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்தப் பையன் பெண் கேட்டு வந்தான். பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கும் வேலை. நல்ல சட்டை, படிய வாரிய தலை. ஆனாலும் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு நகக்கண்ணில் இருந்தது. கிளம்பும்போது செருப்பு மாட்டுவதற்காக ஒற்றைக் காலில் நின்றவன், முன்னறையில் இருந்த ஆளுயரக் கண்ணாடியில் கையை ஊன்றினான். அவர் தன் கையால் ஓரம் தீட்டி மாட்டிய கண்ணாடி. பெருவிரல் அச்சு பளிச்சென்று பதிந்தது.

அவன் தெருமுனை திரும்பியதும் மனைவி கேட்டாள், "என்னங்க, பிடிச்சிருக்கா?"

அவர் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிடிக்கல" என்றார்.

ஆளைச் சொன்னாரா, அச்சைச் சொன்னாரா என்று பிற்பாடு அவருக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. ஆனால் சமையலறைக் கதவோரம் நின்ற மகள் ஒரு தடவை கேட்டதை இரண்டாம் தடவை கேட்கிறவள் அல்ல. கல்யாணத்துக்கு அம்மா மட்டும் போய் வந்தாள். அதற்குப் பிறகு மகள் போன் செய்யும்போதெல்லாம் கண்ணாடிக்காரர் எழுந்து பின்கட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார். போனதும் ஓரம் தீட்டும் மிஷினை நிறுத்திவிடுவார். மிஷின் ஓடினால் முன்னறைப் பேச்சு கேட்காது. மனைவிக்கு இது தெரியும். அதனால் கொஞ்சம் சத்தமாகவே பேசுவாள்: "என்னது, குப்புற விழுந்துட்டாளா? தலை நிக்குதா?"

வானம் அன்று காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. காற்றில்லை. மழையும் வராமல் வெயிலும் வராமல் கழுத்தடியில் பிசுபிசுத்தது. தெரு சரிவானது. மேட்டில் அவர் வீடு, பள்ளத்தில் பெரிய சாலை. அதனால் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னால் செங்கல் வைத்திருந்தார். ஹேண்ட்பிரேக்கை இதற்குமேல் வராது என்னும் அளவுக்கு இழுத்துப் போட்டிருந்தார். இது அவருடைய வழக்கம். சமதரையில், வீட்டுக்குள்ளேயே வண்டி நின்றாலும் ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்கமாட்டார். பாதி ராத்திரியில் சந்தேகம் வந்து எழுந்துபோய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்த கதையெல்லாம் உண்டு.

எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு வந்து நின்றார். இந்தத் தெருவில் எந்த வேலை நடந்தாலும் அவர் மேற்பார்வை இல்லாமல் நடக்காது.

"என்ன அண்ணே, வண்டிக்கு மொட்டை போடுறீங்களா?"

"பிரேக் பேட் மாத்துறேன்."

"மெக்கானிக் எதுக்கு இருக்கான்?"

"போன தடவை அவன் கழட்டின நட்டுல ஒண்ணு இன்னும் என் டூல்ஸ் பையிலதான் கிடக்குது. முன்சக்கரத்துக்கு நானே மாத்தினேன். இது என்ன பெரிய சூரத்தனம்?"

தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் வீட்டுக்குள் கேட்கும்படிதான். "அண்ணே, நான் ஒண்ணு கேக்குறேன், கோபப்படாதீங்க. சாயங்காலம் ரயிலு. இப்பப் போய் வண்டியைப் பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கீங்க. ரயில் போன பிறகு, 'நான் என்ன பண்ணட்டும், வண்டி ரெடியாகல'ன்னு சொல்றதுக்கா?"

"ஜாக்கியைக் கொஞ்சம் பிடி."

"பிடிக்கிறேன். பதில்?"

"ஸ்டேஷன் ரோடு முழுக்க இறக்கம். வண்டி நிக்காம போனா நீ பதில் சொல்வியா?"

இதில் எந்தப் பக்கமும் ஒட்டாத ஒரு பதில் இருந்தது. தையல்காரர் ஜாக்கியைச் சுற்றினார்.

சக்கரம் கழன்றது. உள்ளே துருவேறிய டிஸ்க்கும், அதைக் கவ்விக்கொண்டிருந்த காலிப்பரும் தெரிந்தன. போல்ட்டைக் கழற்றியும் காலிப்பர் அசையவில்லை. நண்டுக் கொடுக்குபோல் இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பி, மரச்சுத்தியால் தட்டித் தட்டித்தான் கழற்ற முடிந்தது. பிரேக் குழாயில் தொங்காதபடி அதை ஒரு கயிற்றால் ஸ்பிரிங்கோடு கட்டினார். பழைய பேடுகள் இரண்டும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. "பாரு" என்று மனைவியிடம் காட்டினார். "கத்தாம என்ன பண்ணும்?"

"புதுசு வாங்கவே இல்லையே?"

"பட்டறையில, அஞ்சு எம்.எம். கண்ணாடி அடுக்குக்குப் பின்னாடி பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். வைக்கோலுக்கும் பழைய செய்தித்தாளுக்கும் நடுவில் அட்டைப்பெட்டி இருந்தது. மேலே மெல்லிய தூசி படிந்திருந்தது. நேற்று வாங்கியதல்ல. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்போது வருவோம் என்று மகள் முதன்முதலாகப் பேசிய நாள்களில் அவர் ஒருநாள் சாயங்காலம் காரணம் சொல்லாமல் கடைத்தெருவுக்குப் போய் வந்தது அவள் நினைவுக்கு வந்தது. பெட்டியை மார்போடு அணைத்தபடி அங்கேயே நின்று கடவுளிடம் சின்னதாக ஒன்று கேட்டுக்கொண்டாள். பெரிதாகக் கேட்டுப் பழக்கமில்லாதவள். பிளாட்பாரத்தில் ஒரு நிமிஷம், இவர் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

வெளியே வந்து பெட்டியைக் கொடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

பேட் மாற்றுவதில் கஷ்டமான இடம் ஒன்றுதான். பேட் தேயத் தேய, காலிப்பருக்குள்ளிருந்து அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். புதுப் பேட் தடிமனானது. அதற்கு இடம் வேண்டுமானால் பிஸ்டனை உள்ளே அனுப்பவேண்டும். முன்சக்கரத்துக்கு மாற்றிய தடவை கண்ணாடிக்காரர் கிளாம்பைப் போட்டு முறுக்கினார், வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல் போய்விட்டது. அதே கிளாம்பை இங்கேயும் போட்டார். கண்ணாடியை உடையாமல் பிடிக்கும் கிளாம்பு, அதன் உதட்டில் ரப்பர் ஒட்டியிருந்தது. முறுக்கினார். ரப்பர் நசுங்கியது. பிஸ்டன் அசையவில்லை.

ரப்பரைப் பிய்த்துவிட்டு முறுக்கினார். எண்ணெய் விட்டார். காத்திருந்தார். மறுபடி முறுக்கினார். கிளாம்பின் கழுத்து வளைந்தது.

"அண்ணே, அதுக்கு உள்ள போக இஷ்டமில்ல போலிருக்கு" என்றார் தையல்காரர்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

"சரி. உங்க வீட்டுலயே ஒருத்தர் பிரேக் பாக்குறவர் இருக்காரே. அவரைக் கேட்டா?"

"யாரு என் வீட்டுல?"

"டிப்போவுல இருக்கிறவர்."

"டிப்போக்காரன் பஸ்ஸுக்குப் பாக்குறவன். இது காரு."

"டிப்போக்காரனாம்! 'மாப்பிள்ளை'ன்னு சொன்னா நாக்கு தேஞ்சுடுமா? பிரேக்கே தேஞ்சு போச்சு, உங்க வீம்பு தேய மாட்டேங்குதே."

கண்ணாடிக்காரர் பெரிய ஸ்பேனரைக் கையில் எடுத்தார். தையல்காரர் சிரித்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனார். ஒரு சட்டைக்குப் பொத்தான் வைக்கப் போனவர், வைத்துவிட்டு மறுபடி வந்தார்.

மத்தியானம் ஆயிற்று. மேகம் இன்னும் கறுத்தது. தூரத்தில் எங்கோ இடி உருண்டது. மனைவி சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். முழங்கை வரைக்கும் கறுப்பு. பிரேக் தூசியும் எண்ணெயும் ரேகைக்குள் இறங்கி, உள்ளங்கை அச்சடித்த காகிதம்போல் இருந்தது.

"கழுவிட்டு வாங்க."

"சோப்பு போட்டேன். போகல."

அவள் கோணிப்பையின் ஓரத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அவர் மென்றபடி பிஸ்டனையே வெறித்துக்கொண்டிருந்தார். இரண்டு வாய்க்குப் பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார்.

"சாப்பிடுங்க. காலையில வெறும் டீயோட உட்கார்ந்தீங்க."

"இறங்கல."

"எது, பிஸ்டனா சோறா?"

அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. "நான் வரலைன்னா நிஜமாவே இறங்கமாட்டாளா?"

இதுதான் அவர் அந்த விஷயத்தைப் பற்றி முதல் தடவை வாய் திறந்தது. அவள் கை தட்டிலேயே நின்றது. "உங்க பொண்ணு. நீங்களே சொல்லுங்க, இறங்குவாளா?"

அவர் கிளாம்பை எடுத்தார். இந்தத் தடவை கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி, எழுந்து நின்று முறுக்கினார். கிளாம்பு நழுவித் தெறித்து வண்டிக் கதவில் மோதியது. பெயின்ட் உரிந்தது. அவர் ஸ்பேனரை எடுத்துத் தெருவில் எறிந்தார். அது சரிவில் டணங்டணங்கென்று உருண்டு போயிற்று. தையல்காரர் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

"போதும்" என்றார் கண்ணாடிக்காரர். "முடியாது. போன் பண்ணிச் சொல்லிடு. வண்டி ஓடாதுன்னு சொல்லிடு."

"வாடகை வண்டி பிடிச்சுப் போகலாம் அண்ணே" என்றார் தையல்காரர்.

"என் வீட்டுக்கு முதல் முதலா வர்ற குழந்தையை வாடகை வண்டியிலயா ஏத்திட்டு வருவாங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. தையல்காரரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து அவள் மனதில் அரித்துக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் எழுந்து கையைக் கழுவக்கூட இல்லை. இடது கையால் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

ரயிலின் தடதடப்பும் குழந்தையின் சிணுங்கலும் முதலில் வந்தன. பிறகு மகள்: "சொல்லும்மா. வரலையா அவரு?"

"வண்டி பிரேக்கு கழட்டிப் போட்டிருக்கு சிட்டு..."

"நினைச்சேன். எனக்குத் தெரியும். நல்ல சாக்கு."

"சாக்கு இல்லடி! விடிஞ்சதுலேருந்து உட்கார்ந்திருக்காரு. தலையிலேருந்து கால் வரைக்கும் கறுப்பா, கரடி மாதிரி உட்கார்ந்திருக்காரு. நீ வர்றன்னு புதுசு வாங்கி மாட்டிக்கிட்டு இருக்காரு. உள்ள போக மாட்டேங்குது."

ரயில் மட்டும் ஓடியது. பிறகு பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், அவசரமில்லாத குரல்: "முன்னாடியா, பின்னாடியான்னு கேளு."

"அப்பாகிட்டக் கேளும்மா. முன்னாடியா பின்னாடியாவாம்."

கண்ணாடிக்காரருக்கு எல்லாமே கேட்டது. இருந்தாலும் மனைவி பக்கம் திரும்பிச் சொன்னார்: "பின்னாடின்னு சொல்லு."

"பின்னாடியாம்."

"பின்னாடியாம்" என்றாள் மகள் தன் கணவனிடம்.

"எதை வச்சுத் தள்ளுறாராம்?"

"எதை வச்சுத் தள்ளுறாரும்மா?"

"கிளாம்பை வச்சுன்னு சொல்லு."

தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. "இந்தப் பேச்சு நாலு வாய் சுத்திப் போறதுக்குள்ள ரயில் வந்து, போயி, திரும்பியும் வந்துடும்" என்றார்.

"தள்ளக் கூடாதுன்னு சொல்லு" என்றது அந்தக் குரல். "முன்னாடி தள்ளலாம். பின்னாடி தள்ளினா போகவே போகாது. ஹேண்ட்பிரேக்கும் அதே பிஸ்டன்லதான் வேலை செய்யுது. அதனால உள்ள மரை இருக்கும். அழுத்திக்கிட்டே திருகணும். முகத்துல குறுக்கா வெட்டு இருக்கும், பாக்கச் சொல்லு."

கண்ணாடிக்காரர் குனிந்து, பிஸ்டனின் முகத்தைக் கந்தலால் துடைத்தார். காலையிலிருந்து அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறார். நாலு வெட்டு, கூட்டல் குறிபோல.

"இருக்கு" என்றார். யாரிடம் சொன்னார் என்று சொல்ல முடியாது. மனைவியிடம் அல்ல.

"அதுல மூக்குக் குறடை வச்சு, கடிகாரம் சுத்துற பக்கமா திருகணும்."

அவரிடம் இருந்தது கண்ணாடி ஓரத்தை உடைக்கும் பட்டைக் குறடு. வெட்டில் உட்காரவில்லை. தையல்காரர் ஓடிப்போய்த் தையல் மிஷினுக்கு வைத்திருந்த மூக்குக் குறடைக் கொண்டுவந்தார். கண்ணாடிக்காரர் வைத்து அழுத்தித் திருகினார். நரம்பு புடைத்தது. அசையவில்லை.

"போகலடி. முகம் சிவந்து போச்சு உங்கப்பாவுக்கு" என்றாள் மனைவி.

அந்தக் குரல் கேட்டது: "ஹேண்ட்பிரேக் போட்டிருக்காரா?"

"அவரா போடாம இருப்பாரு?" அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு இருவருமே சிரித்துவிட்டார்கள். அன்று அந்த வாசலில் விழுந்த முதல் சிரிப்பு அது.

"அதை இறக்கணும். அது மேல இருந்தா, அது வெளிய தள்ளும், இவரு உள்ள தள்ளுவாரு. ரெண்டு பேரும் மல்லுக்கட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

சரிவில், ஜாக்கி மேல் நிற்கும் வண்டியில் ஹேண்ட்பிரேக்கை இறக்குவதா? அவர் கதவைத் திறந்து, லீவர் மேல் கையை வைத்தபடி அப்படியே இருந்தார். "கல்லு மட்டும்தான் வச்சிருக்கேன்" என்றார்.

அவர் யாருக்குச் சொன்னார் என்று அந்தக் குரலுக்குப் புரிந்துவிட்டது. அது மகளைக் கடந்து நேராக வந்தது.

"ரெண்டு சக்கரத்துக்கும் முன்னாடி வச்சிருக்கீங்களா மாமா?"

"ம்."

"கியர்ல போடுங்க. அப்புறம் இறக்குங்க. போகாது. பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று அவரிடம் யாராவது சொல்லி எத்தனை காலமாயிற்று! எல்லோரும் அவர் கோபத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். கோபத்துக்கு அடியில் இருந்ததை ஓடும் ரயிலில் இருந்து ஒருவன் பார்த்துவிட்டான். அவர் கியரைப் போட்டார். பொத்தானை அழுத்தி லீவரை இறக்கினார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் லேசாக அசைந்து, நின்றது.

மறுபடி வந்து குறடை வைத்தார். அழுத்தினார். திருகினார். பிஸ்டன் கால் சுற்று சுற்றியது. மறுபடி கால் சுற்று. ஒரு மயிரிழை உள்ளே போயிருந்தது.

"போகுது" என்றார். "போகுது, போகுது."

"அவசரப்படாதீங்க. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் மூடியைக் கழட்டிவிடச் சொல்லுங்க யாரையாவது. பொங்கி வெளிய வரும், துணி சுத்தி வைங்க. பெயின்ட்ல பட்டா உரிஞ்சுடும். தூசியை வாயால ஊதாதீங்க மாமா, நெஞ்சுக்கு ஆகாது, ஈரத்துணியால துடைங்க. அப்புறம் பேடு... இரும்பு பிஸ்டன் பக்கம்..."

"எங்க துணியில உள்பக்கம் வெளிப்பக்கம் மாதிரி" என்று தையல்காரர் பெருமையோடு விளக்கினார். "அது எனக்கு அத்துப்படி."

"கடைசியா ஒண்ணு, அதுதான் முக்கியம், வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி..." என்றது குரல். அத்தோடு அறுந்தது. ரயில் மலை வெட்டுக்குள் நுழைந்திருக்கவேண்டும். திரும்பக் கூப்பிட்டால் மணி போகவில்லை.

"என்னவோ முக்கியம்னாரே" என்றாள் மனைவி.

"நட்டை இறுக்கச் சொல்லியிருப்பான்" என்றார் அவர். "அது எனக்குத் தெரியாதா?"

ஒரு சக்கரம் முடிந்தது. மறுபக்கத்துச் சக்கரத்தைக் கழற்றி மாட்ட அதில் பாதி நேரம்கூட ஆகவில்லை. கை வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது. முதல் மழைத்துளி பானெட் மேல் விழுந்தபோது கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் பொழுது போயிருந்தது. ரயில் ஊரை நெருங்கும் நேரம். மனைவி சேலை மாற்றிக்கொண்டு, குடையோடும் ஒரு வெள்ளைத் துண்டோடும் வாசலைப் பூட்டினாள். அவர் கையைத் தேய்க்கவும் நேரமில்லை, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்து எஞ்சினைப் போட்டு, கியரை விடுவித்தார்.

"கல்லை எடு!" என்று தையல்காரரிடம் கத்தினார்.

தையல்காரர் குனிந்து இந்தப் பக்கத்துக் கல்லை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். அப்போது மனைவியின் கையிலிருந்த போன் அலறியது. அவள் எடுத்ததும் இரைச்சலோடு அந்தக் குரல், இந்தத் தடவை அவசரமாகவே வந்தது: "அத்தை, மாமா வண்டியை எடுத்துட்டாரா? கல்லை எடுக்காதீங்க அத்தை! பிரேக் மிதியை அழுத்தி அழுத்தி விடாம கல்லை எடுக்கவே கூடாது, பிரேக் பிடிக்காது!"

"கல்லு!" என்று அவள் வீறிட்டாள். "எடுக்காதீங்க! கல்லை எடுக்காதீங்க!"

தையல்காரர் கையை இழுத்துக்கொண்டார். வண்டி சரிவின் இழுப்பில் மெல்ல முன்னால் சாய்ந்தது. கண்ணாடிக்காரர் பிரேக்கை மிதித்தார். கால் தண்ணீரில் இறங்குவதுபோல் தரை வரைக்கும் போயிற்று. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். வாழ்நாள் முழுக்க அவர் நம்பியிருந்த லீவர், எந்தப் பிடிப்பும் இல்லாமல் லொடலொடவென்று மேலே வந்தது. எதிரே தெரு பள்ளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் பெரிய சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

எஞ்சியிருந்த ஒற்றைச் செங்கல் நறநறவென்று தரையில் தேய்ந்து, சக்கரத்தின் கீழ் இறுகி, நின்றது.

தையல்காரர் எடுத்த கல்லைத் திரும்பக் கொண்டுவந்து திணித்தார். அவர் கழுத்திலிருந்த அளவு நாடா வேர்வையில் ஒட்டியிருந்தது. மழை சடசடவென்று ஆரம்பித்தது. மனைவி போனை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"மாமா" என்றது குரல். "ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல." அவர் எட்டிக் கல்லைப் பார்த்தார். "கல்லு நின்னுச்சு."

"அப்பாடா. இப்ப மிதிங்க. மெதுவா, முழுசா. விடுங்க. மறுபடியும். பிஸ்டனை நாம உள்ள அனுப்பிட்டோம் இல்லையா, அது வெளிய வந்து பேடைத் தொடணும். நாமதான் கூப்பிட்டு வரவைக்கணும்."

அவர் மிதித்தார். தரை. விட்டார். மிதித்தார். தரை. மிதித்தார். காலுக்கடியில் ஏதோ ஒன்று, தூரத்தில், இருக்கிறேன் என்றது. மிதித்தார். கொஞ்சம் மேலே. மிதித்தார். இன்னும் மேலே.

"பிடிக்குதா?" என்றாள் மனைவி, குடைக்குள்ளிருந்து.

கேட்டவளுக்கே அந்தக் கேள்வி எங்கேயோ போய் இடித்தது. முன்னறையும், கண்ணாடியில் ஒரு பெருவிரல் அச்சும். போனில் மகள் மூச்சுவிடுவது நின்றுவிட்டதுபோல் இருந்தது. கண்ணாடிக்காரர் ஸ்டியரிங் மேல் இருந்த தன் கைகளைப் பார்த்தார். கறுத்த நகக்கண்களைப் பார்த்தார். இன்னொரு தடவை மிதித்தார். மிதி கல்போல் நின்றது.

"பிடிக்குது" என்றார். பிறகு போன் பக்கம் குனிந்து, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக: "நல்லாவே பிடிக்குது, மாப்பிள்ளை. குழந்தையை நனையவிடாம இறங்கி நில்லுங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

தையல்காரர் இரண்டு கல்லையும் எடுத்து, மழையில் நனைந்தபடியே நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றார்.

ஸ்டேஷன் ரோட்டு இறக்கம் முழுக்க வண்டி ஒரு கீச்சுகூட இல்லாமல் இறங்கியது. அவர்கள் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தும்போது ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது. மனைவி குடையை விரிப்பதற்குள் அவர் போய்விட்டார். பிளாட்பாரத்தின் கூரைக்கு அடியில் மூன்று பேரும் இறங்கி நின்றிருந்தார்கள். மகள் அப்பாவைப் பார்த்தாள். தலையில் பிரேக் தூசி, மழையில் கரைந்து நெற்றியில் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. அவள் என்னவோ கடுமையாகச் சொல்ல வைத்திருந்தாள். அதைச் சொல்லாமல் குழந்தையை நீட்டினாள்.

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "கறுப்பு" என்றார். "சோப்புல போகல."

மாப்பிள்ளை குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "முதல்ல எண்ணெய் தடவித் தேய்க்கணும் மாமா, அப்புறம்தான் சோப்பு. வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம். நீங்க வாங்குங்க. பாப்பாவுக்கு அதெல்லாம் பழக்கம்தான்."

வாங்கினார். குழந்தையின் வெளிர்மஞ்சள் சட்டையில் இரண்டு பெருவிரலும் அப்படியே பதிந்தன. குழந்தை அதைப் பற்றிக் கவலைப்படாமல் அவர் மூக்கையே ஆராய்ந்தது. மனைவி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். மகளின் தோளில் கை வைத்தாள், அச்சைப் பார்த்தாள், கையிலிருந்த வெள்ளைத் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் கண்ணாடிக்காரருக்குத் திடீரென்று தூக்கிவாரிப்போட்டது. குழந்தையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ! ஹேண்ட்பிரேக் போடலையே நான்!"

"நான் போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள் மனைவி. "கதவைக்கூடச் சாத்தாம ஓடினீங்க."